பெயர் தொலைந்த வால்வுகள்

"அதைத் தொடாதீங்க. போய்ச் சேர்ந்துடுவீங்க."

கொழுந்தன் திறந்து கிடந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் முழங்கை அலமாரியில் இடித்து, ஒரு டப்பா நிறைய திருகாணிகள் தரையில் கொட்டி ஓடின. துப்பறிய வந்த இடத்தில் முதல் காரியமாக ஒரு சேதாரத்தை உண்டாக்குவது அவனுடைய வழக்கம். இன்றும் அதில் குறை வைக்கவில்லை.

"பிளக்கைத்தான் பிடுங்கிட்டீங்களேக்கா," என்றான், குனிந்து பொறுக்கிக்கொண்டே.

"பிடுங்கினா? உள்ள இருக்கிற கண்டென்சர் கரண்டைச் சேர்த்து வெச்சிருக்கும். வாசல் வரைக்கும் போன மாமியார் மாதிரி. போயிட்டாங்கன்னு நெனச்சு வாயைத் திறந்தீங்கன்னா மாட்டிக்குவீங்க."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

"அப்ப ரெண்டு ஆபத்தும் இனிமேத்தான்," என்றாள் அண்ணி.

அண்ணி அந்தப் பட்டறையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். இப்போது சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அலுவலகத்தின் மொத்த ஊழியர் படையும் அவள் கணவனின் தம்பி ஒருவன்தான். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிற கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். போகட்டும் என்றால், அவர்கள் இவனையும் கொழுந்தன் என்றே அழைக்கத் தொடங்கியதுதான் கொடுமை. பெற்றவர்கள் வைத்த பெயர் பீரோவில் சான்றிதழோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

எதிரே நின்றவளை அந்த ஊர் வாத்தியக்காரர்கள் வால்வு அக்கா என்பார்கள். கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஓசையைப் பெருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் எந்த நிலையில் வந்தாலும் பேசவைத்து அனுப்புவாள். கையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி இருக்கும். அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 'என்னால முடியலைன்னா அதைத் தூக்கிப் போடுங்க' என்று பட்டறைச் சுவரில் எழுதியே வைத்திருந்தாள்.

"என் தம்பி கிடார் வாசிக்கிறவன். அவனோட ஆம்ப் போன வாரம் என்கிட்ட வந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் விட வயசானது. வாசிக்காம சும்மா இருந்தாலும் ம்ம்ம்னு முனகிக்கிட்டே இருந்துச்சு. கண்டென்சரோட ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது, பத்தவெச்சேன். முனகல் நின்னுடுச்சு. இந்தக் குச்சியால ஒவ்வொரு வால்வா தட்டிப் பார்த்தேன். உள்ள ஆட்டம் கண்ட வால்வா இருந்தா, தட்டினதும் ஸ்பீக்கர்ல மணியடிக்கும். ஒண்ணும் அடிக்கலை. புலி மாதிரி உறுமுச்சு. சந்தோஷமாத்தான், கூட ட்ரம்ஸ் அடிக்கிறவனோட வேன்ல ஏத்திட்டுப் போனான்."

"அப்புறம்?"

"நேத்து ஒத்திகையில புலி பூனையாயிடுச்சு. சத்தம் இருக்கு, உறுமல் இல்ல. அந்த ட்ரம்ஸ்காரன் பின்பக்கம் கையை விட்டு வால்வைக் கழட்டிப் பார்த்திருக்கான். கண்ணாடியில கம்பெனி பேரு, நம்பரு, முத்திரை ஒண்ணும் இல்ல. அஞ்சு வால்வும் மொட்டை. நான் ஒரிஜினலைச் சுருட்டிக்கிட்டுப் பேரில்லாத சரக்கை மாட்டிட்டேனாம்."

"தம்பியே அப்படிச் சொன்னாரா?"

வால்வு அக்கா குச்சியை மேசையில் வைத்தாள். "போன் பண்ணி, 'மேடம், நீங்க பண்ணினது திருட்டு'ன்னு சொன்னான். மேடம். ஊரே என்னை அக்காங்குது. கூடப்பிறந்தவன் மேடம்ங்கிறான். இன்னிக்கு சாயங்காலம் ப்ரோக்ராம். ஊர்ல வாத்தியம் தொடுறவன் பூரா அங்க இருப்பான். மேடையிலேயே சொல்லப்போறானாம். சொல்லிட்டா நாளைக்கு இந்தப் பட்டறைப் பக்கம் காக்கா கூட வராது."

பட்டறை போவதை விட அந்த 'மேடம்'தான் அவளை அதிகம் அறுத்திருக்கிறது என்பது கொழுந்தனுக்கே புரிந்தது. அவனுக்கே புரிகிற விஷயங்கள் அபூர்வம்.

"நீங்களே போய்ப் பார்த்தா என்ன கோளாறுன்னு சொல்லிட மாட்டீங்களா?" என்று கேட்டான்.

"தொட விட்டாத்தானே. என் நிழல் படக்கூடாதாம்."

அண்ணியின் பார்வை மேல் தட்டுக்குப் போயிருந்தது. அங்கே பலகையால் அடித்த ஒரு குட்டி ஆம்ப் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் திறந்திருந்ததால் உள்ளே பறவை முத்திரை போட்ட வால்வுகள் தெரிந்தன. ஒரு சாக்கெட் மட்டும் காலி.

"அது என்ன?"

"அதா? படிக்கிற காலத்துல நானே கட்டினது. முதல் முதல்ல."

"பல்லு போன மாதிரி ஒரு இடம் காலியா இருக்கே," என்றான் கொழுந்தன்.

"அது ரொம்ப நாளா அப்படித்தான்." வால்வு அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டு, சூடே இல்லாத சால்டரிங் அயனை ஸ்பாஞ்சில் துடைக்க ஆரம்பித்தாள்.

அண்ணி எழுந்து போய், அந்தக் காலி சாக்கெட்டின் மேல் சுண்டுவிரலை வைத்து எடுத்தாள். விரல் நுனி சாம்பல் நிறமாகியிருந்தது. கைப்பையின் பித்தளைக் கொக்கியை ஒரு தடவை திறந்து மூடினாள். டக்.

கொழுந்தன் காதைத் தீட்டினான். அந்த டக் வந்தால் அண்ணி எதையோ பையில் போட்டுக்கொண்டாள் என்று அர்த்தம். பையில் அல்ல, மண்டையில்.

"கிளம்புங்க. நீங்களும் வாங்க," என்றாள் வால்வு அக்காவிடம்.

"அவன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"மிதிக்க வேண்டாம். வாசலுக்கு வெளியே வண்டியிலேயே உட்காருங்க. குச்சியை மட்டும் மறக்காம எடுத்துக்குங்க."

*

வண்டியில் போகும்போதே கொழுந்தன் வழக்கை முடித்துவிட்டான்.

"ட்ரம்ஸ்காரன்தான் அண்ணி. பட்டறையிலேருந்து ஆம்பைத் தன் வேன்ல ஏத்திட்டுப் போனது அவன். வால்வு மொட்டைன்னு கண்டுபிடிச்சதும் அவன். கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாத்தத் தெரியாதா? வால்வை வித்துட்டுப் பழியை அக்கா தலையில கட்டிட்டான்."

"அப்ப நான் எதுக்கு வர்றேன்?"

"வண்டி ஓட்ட ஆள் வேணுமில்ல."

அண்ணி சிரித்துக்கொண்டே ஓட்டினாள். பின்சீட்டில் வால்வு அக்கா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கிடார்காரனின் வீட்டுக் கதவைத் திறந்தது வெள்ளை முடியோடு ஒரு மெலிந்த மனிதர். வந்தவர்கள் யார், எவர் என்று கேட்கவில்லை. நேராகக் கொழுந்தனின் முகத்தைப் பார்த்தார். ஏதோ விபத்தைக் கண்டவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. இதைப் போட்டுக்கிட்டா தெருவுல நடந்து வந்தீங்க?"

சொல்லிக்கொண்டே அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இரண்டு வில்லையிலும் 'ஹா' என்று ஊதினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை உருவி, வட்டம் வட்டமாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப அவன் மூக்கிலேயே மாட்டினார். உலகம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"கண்ணாடிக் கடை வெச்சிருந்தேன். இப்ப மூடியாச்சு. மக வீட்டோட இருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"மாமா, யாரு?" உள்ளேயிருந்து கிடார்காரன் வந்தான். தோள் வரை முடி, தூங்காத கண். அண்ணியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "ஓ, மேடம் ஆள் அனுப்பியிருக்காங்களா? மாமா, நீங்க உள்ள போங்க. இது வேற விஷயம்."

மாமனார் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். போகிற வழியில் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியை விரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் போனார்.

முன்னறையில் ட்ரம்ஸ்காரன் உட்கார்ந்திருந்தான். குண்டாக, பயந்த முகத்தோடு, வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி. மூலையில் ஆம்ப். துணி போர்த்திய ஸ்பீக்கர் முகமும், தோல் உரிந்த கைப்பிடியுமாக அது பெரிய மனுஷத் தோரணையில் அமர்ந்திருந்தது.

"வாசிச்சுக் காட்டுங்களேன்," என்றாள் அண்ணி.

கிடார்காரன் ஒரு கம்பியை மீட்டினான். காது கிழியும் என்று தோளைக் குறுக்கிக்கொண்ட கொழுந்தன் ஏமாந்துபோனான். பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல ஒரு சாதுவான ஓசை.

"கேட்டீங்களா? இதுதான் மேடத்தோட கைவண்ணம். என் ஆம்ப்ல திருகாணி முதல் வால்வு வரைக்கும் எல்லாமே ஒரிஜினல். மேடையில ஏறினதும் முதல் வார்த்தையே அதுதான் சொல்லுவேன். அந்த உறுமலுக்காகத்தான் என்னைக் கூப்பிடுறாங்க. இன்னிக்கு இந்தச் சத்தத்தோட போனா என்னை யாரு மறுபடி கூப்பிடுவா?"

கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே அச்சுதான் என்று கொழுந்தன் நினைத்தான். ஆனால் அவனுடைய கவனம் ட்ரம்ஸ்காரனின் பாக்கெட்டில் இருந்தது. அந்தக் கை வெளியே வரவேயில்லை. உள்ளே ஏதோ ஒரு டப்பாவின் விளிம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வால்வு அடங்குகிற அளவுதான்.

"அண்ணே, பாக்கெட்ல என்ன?"

ட்ரம்ஸ்காரனுக்கு வேர்த்தது. "ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததைக் காட்டுறதுல என்ன கஷ்டம்?"

எழுந்து ஓடலாமா என்று ட்ரம்ஸ்காரன் வாசலைப் பார்த்தான். அங்கே அண்ணி நின்றாள். வேறு வழியில்லாமல் டப்பாவை எடுத்து நீட்டினான். கொழுந்தன் வெற்றிக் களிப்போடு திறந்தான். உள்ளே காதில் செருகிக்கொள்ளும் ரப்பர் அடைப்பான்கள் இரண்டு.

கிடார்காரன் கிடாரைக் கீழே வைத்தான்.

"எத்தனை நாளா?" என்றான் கிடார்காரன், மனம் உடைந்த குரலில்.

"ரெண்டாவது ப்ரோக்ராம்லேருந்து," என்றான் ட்ரம்ஸ்காரன் தரையைப் பார்த்து. "நீ பக்கத்துலயே அதை வெச்சு வாசிக்கிற. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கில்ல. வயசான காலத்துல அதுங்க பேசுறது காதுல விழ வேண்டாமா?"

கொழுந்தன் டப்பாவை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய வழக்கு அத்தோடு தீர்ந்தது. மூக்குடைந்தவன் செய்வதைச் செய்தான்: சுற்றுமுற்றும் பார்த்தான். கண்ணாடி புதிதாகத் துடைத்திருந்ததால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"விசித்திரமான வீடு அண்ணி," என்று கிசுகிசுத்தான். "அலமாரி மேல விரலால கோலம் போடலாம், அவ்வளவு தூசி. ஆனா அலமாரியோட கண்ணாடி பளிச்னு இருக்கு. போட்டோ சட்டம் அழுக்கு, கண்ணாடி பளிச். சன்னல் கம்பி துரு, கண்ணாடி பளிச். இங்க வீடு பெருக்குற ஆளுக்குப் பாதிச் சம்பளம்தான் போல."

டக்.

"உன்னைச் சம்பளம் கொடுத்து வெச்சிருக்கிறது வீண் போகலை," என்றாள் அண்ணி. "ஆம்பை அணைங்க. சூடு ஆறட்டும்."

சூடு ஆறியதும் கிடார்காரன் ஆம்பைச் சுவரிலிருந்து திருப்பி வைத்தான். பின்பக்கம் திறந்த கூடு. உள்ளே, பெட்டியின் மேல்புறத்திலிருந்து வால்வுகள் தலைகீழாகத் தொங்கின. இரண்டு பெரியவை. மூன்று சின்னவை, அவற்றுக்கு உருளையாகத் தகர மூடி. அண்ணி மூடிகளைக் கழற்றி, ஒரு சின்ன வால்வை மெல்ல ஆட்டி உருவினாள். உள்ளங்கையில் வைத்தாள். சுத்தமான கண்ணாடி. ஒரு பழைய கறை கூட இல்லை.

"திருட வந்தவன் என்ன பண்ணுவான்?" என்றாள். "பழையதை உருவுவான், புதுசைச் செருகுவான், ஓடுவான். முன்பக்கம் இருக்கிற சிவப்பு விளக்கைத் துடைச்சுக்கிட்டு நிப்பானா?"

எல்லோரும் முன்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஆம்ப் எரிகிறது என்று காட்டும் அந்தச் சிவப்புக் கண்ணாடி விளக்கு புதுசாகப் பளபளத்தது. அதைச் சுற்றியிருந்த தகட்டில் தூசி அடை அடையாக இருந்தது.

"இந்தப் பெட்டியில கண்ணாடின்னு இருக்கிறது அஞ்சு வால்வும் இந்த விளக்கும்தான். அத்தனையும் மின்னுது. மத்த எதையும் யாரும் தொடலை. இந்த ரூமும் அதே மாதிரிதான் இருக்குன்னு எங்க கொழுந்தன் இப்பத்தான் கண்டுபிடிச்சான்."

கொழுந்தனின் கை தானாகப் போய்த் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டது. அடடா என்று அவன் வாய் பாதி திறந்தது. அண்ணி கண்ணாலேயே அதை மூடச்சொன்னாள்.

"ஐயா," என்று உள்பக்கம் குரல் கொடுத்தாள். "ஒரு நிமிஷம் வரீங்களா?"

மாமனார் வந்தார். வழக்கம் போல வாசற்படியிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அண்ணி வால்வை அவரிடம் நீட்டினாள்.

"இது கொஞ்சம் மங்கலா இருக்கே. பாருங்களேன்."

கேள்வி ஏதும் இல்லை. விளக்கம் ஏதும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் செய்ததை அவர் செய்தார். வால்வைத் துணியால் பிடித்து, வாயருகே கொண்டு போய், 'ஹா' என்று ஊதினார்.

கண்ணாடி மேல் மூச்சின் ஈரம் படர்ந்தது. அந்தப் பனிப்படலத்துக்கு நடுவே, யாரோ உள்ளிருந்து எழுதுவது போல, எழுத்துகள் தெளிந்து வந்தன. கீழே ஒரு எண். மேலே ஒரு நட்சத்திர முத்திரை.

"துடைக்காதீங்க," என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

மாமனார் துணியோடு அப்படியே நின்றார். எழுத்துகள் ஒரு மூச்சு நேரம் இருந்துவிட்டு மெல்ல மறைந்தன.

"பழைய வால்வுல பேரு மையால அச்சடிச்சிருக்கும்," என்றாள் அண்ணி. "ஈரத்துணி பட்டா மை போயிடும். ஆனா மை இருந்த இடத்தைக் கண்ணாடி மறக்காது. ஆவி பட்டா காட்டிக் கொடுத்துடும். இன்சூரன்ஸ்ல இருந்தப்போ பேரை அழிச்ச சீசா எத்தனை பார்த்திருக்கேன். ஐயா, இதையெல்லாம் நீங்கதானே துடைச்சீங்க?"

"நான்தான்," என்றார் அவர், சற்றும் தயங்காமல். "முந்தாநாள் யாரும் இல்லாதப்போ. மாப்பிள்ளைக்குப் பெரிய ப்ரோக்ராம்னு மக சொன்னா. எனக்குப் பாட்டு, வாத்தியம் ஒண்ணும் தெரியாது. கண்ணாடின்னா தெரியும். அஞ்சும் ஒரே கறையா இருந்துச்சு. கழட்டி, துடைச்சு, மறுபடி மாட்டினேன்."

"எதை எங்க கழட்டினீங்களோ, அங்கேயே மாட்டினீங்களா?"

"சின்னது மூணும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு. எல்லா ஓட்டையிலயும் சரியாப் பொருந்துச்சு." அவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பெருமை மெல்ல வடிந்தது. "தப்புப் பண்ணிட்டேனா?"

"மாமா," என்றான் கிடார்காரன். "நேத்திலேருந்து வீடே ரெண்டு பட்டுக் கிடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்குச் சண்டைன்னு எனக்கு யாரு சொன்னா? நான் வந்தாலே பேச்சை நிறுத்திடுறீங்க."

குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னார். கிடார்காரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பார்க்க முடியாதவன் வேறு வேலையில் இறங்கினான். "சரி, மத்ததையும் பார்த்துடலாம்," என்று பெரியவை இரண்டையும் நீட்டினான். ஹா. இரண்டிலும் நட்சத்திரம். இரண்டும் ஒரே ரகம், இடம் மாறினாலும் பாதகமில்லை. இரண்டாவது சின்ன வால்வு. ஹா. நட்சத்திரம். கொழுந்தன் உற்சாகத்தில் கைதட்டப் போனான்.

மூன்றாவது. ஹா.

நட்சத்திரம் வரவில்லை. சிறகு விரித்த ஒரு பறவை வந்தது.

கிடார்காரனின் முகம் இருண்டது. "இது என்னோடது இல்ல. இந்த ஆம்ப்ல எல்லாமே நட்சத்திரம்தான். பார்த்தீங்களா? மாமா துடைச்சது உண்மையா இருக்கலாம். அதுக்கு முன்னாடியே ஒண்ணை மேடம் மாத்திட்டாங்க. ஒண்ணு திருடினாலும் திருட்டுத் திருட்டுத்தான்."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. அதுவும் தாங்களே வெட்டிய கிணறு.

அண்ணி மட்டும் பதறவில்லை. "அவங்களைக் கூட்டிட்டு வா," என்றாள் அவனிடம்.

வால்வு அக்கா வந்தாள். சொன்ன சொல் தவறாமல் வாசற்படிக்கு வெளியே நின்றாள். அண்ணி பறவை வால்வைக் காட்டியதும், அதைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"ஒத்துக்கிட்டாங்க," என்றான் கிடார்காரன். குரலில் வெற்றி இல்லை. அவள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஏங்கியவன் போலத்தான் இருந்தான்.

"எப்ப போட்டீங்க?"

வால்வு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீம்பு. சுவரில் எழுதி வைத்திருந்த அதே வீம்பு.

"சரி, நான் சொல்றேன்," என்றாள் அண்ணி. "வால்வு திருடினவங்ககிட்ட ஒரு வால்வு கூடுதலா இருக்கணும். உங்க அக்கா பட்டறையில நான் பார்த்தது, ஒரு வால்வு குறைச்சல்."

கிடார்காரன் புரியாமல் விழித்தான்.

"மேல் தட்டுல அவங்க கையால கட்டின முதல் ஆம்ப் இருக்கு. அதுல ஒரு சாக்கெட் காலி. தொட்டுப் பார்த்தேன், விரலெல்லாம் தூசி. நேத்து இன்னிக்குக் கழட்டினதில்ல, வருஷக்கணக்கா காலி. மீதி இருக்கிற வால்வுல என்ன முத்திரை தெரியுமா? பறவை."

கொழுந்தன் தன் தலையில் தட்டிக்கொண்டான். அதே தட்டைத்தான் அவனும் பார்த்தான். பல்லு போனது என்று சொல்லிச் சிரிக்க மட்டுமே தெரிந்தது.

"அக்கா, அந்த ஆம்பை யாரையும் தொட விடமாட்டியே நீ," என்றான் கிடார்காரன் மெதுவாக. தான் எப்படிக் கூப்பிட்டோம் என்பதை அவன் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் கவனித்தார்கள்.

வால்வு அக்கா குச்சியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உன் முதல் பெரிய ப்ரோக்ராம் அன்னிக்கு மத்தியானம், உன் ஆம்ப்ல முதல் சாக்கெட் வால்வு செத்துப்போச்சு. நீ பயத்துல வாந்தி எடுத்துக்கிட்டு இருந்த. கடை கடையா அலைஞ்சேன், அந்த ரகம் எங்கயும் இல்ல. என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. மாட்டினேன். அன்னிக்குத்தான் அது முதல் தடவையா அப்படி உறுமுச்சு. வாசிச்சு முடிச்சுட்டு நீ மைக்கைப் பிடிச்சு, எல்லாமே ஒரிஜினல்னு சொன்ன. கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. உன் முகத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

ட்ரம்ஸ்காரன் மூக்கை உறிஞ்சினான். மாமனார் மஞ்சள் துணியை அவனிடம் நீட்டினார்.

"இப்ப எது எங்க போகணும்னு எனக்குத் தெரியாது," என்றாள் அண்ணி கிடார்காரனிடம். "எங்க கொழுந்தனுக்கு வீட்டுச் சாவியே தலைகீழாத்தான் போடத் தெரியும். தெரிஞ்ச ஒரு ஆளு வாசலுக்கு வெளியே நிக்கிறாங்க."

கிடார்காரன் வாசலுக்குப் போனான்.

"அக்கா. உள்ள வா."

"ஊரே என்னை அக்காங்குது. நீ ஒருத்தன் கூப்பிடலைன்னா எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது," என்றாள் அவள். சொல்லும்போதே செருப்பைக் கழற்றிவிட்டாள். புறங்கையால் கண்ணையும் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

உள்ளே வந்தவள் அதன் பிறகு யாரையும் பார்க்காமல், வால்வுகளை ஊதி எண்களைப் படித்தாள். சின்ன வால்வுகளில் உரக்கப் பேசும் ரகம் இரண்டு, அடக்கமான ரகம் ஒன்று. அடக்கமானது, கிடாரின் ஓசையை முதலில் பெருக்குகிற முதல் சாக்கெட்டில் போய் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் புலி பூனையானது. அதை எடுத்துக் கடைசியில் வைத்தாள். பறவையை முதலில் வைத்தாள். ஆம்பைப் போட்டு, வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனலும் வரை காத்திருந்து, குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். டொக். டொக். டொக். மணியடிக்கவில்லை.

"வாசி."

ட்ரம்ஸ்காரன் அவசர அவசரமாக ரப்பர் அடைப்பான்களைக் காதில் செருகினான். கிடார்காரன் அதே கம்பியை மீட்டினான்.

சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலமாரி மேலிருந்த தூசி ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி அமர்ந்தது. கொழுந்தனின் நெஞ்சுக்கூட்டுக்குள் அந்த உறுமல் புகுந்து வெளியே வந்தது. சாதாரணமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

ஓசை அடங்கியதும் கிடார்காரன் ட்ரம்ஸ்காரனிடம் பேனா கேட்டான். பாட்டு வரிசை எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கர். முதல் வால்வின் தகர மூடியைக் கையில் எடுத்து, அதன் மேல் மூன்றே எழுத்து எழுதினான். அக்கா. கையெழுத்து கோணலாக இருந்தது. மூடியை வால்வு அக்காவிடம் நீட்டினான்.

"மேடையில இனிமே எல்லாம் ஒரிஜினல்னு சொல்ல மாட்டேன்," என்றான். "ஒண்ணைத் தவிரன்னு சொல்லுவேன்."

அவள் மூடியை வாங்கி அதன் இடத்தில் திருகினாள். அது கொஞ்ச நேரம் பிடித்தது. எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி இரண்டு தடவை திருப்பி வைத்தாள்.

"மாமா," என்றான் கிடார்காரன், திரும்பாமலேயே. "சாயங்காலம் நீங்களும் வரணும். முன் வரிசையில."

"எனக்குப் பாட்டு ஒண்ணும் தெரியாதே."

"அங்க நிறைய பேரு கண்ணாடி போட்டுட்டு வருவாங்க."

மாமனாரின் முகம் மலர்ந்தது. பழக்க தோஷம், கையில் துணியோடு ஆம்பின் பின்பக்கம் குனிந்தார். மார்க்கர் மை இன்னும் காயாத அந்த மூடி கண்ணெதிரே இருந்தது. துணி அதன் அருகே வரை போனது.

அவர் கொஞ்ச நேரம் அதைப் படித்தார். பிறகு துணியை மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.